ஹேசல் டீச்சர் அடக்கத்தில் நடந்த கேளிக்கை

மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் ஒரு மாநிலம். இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்னையும் பிடித்து ஏதாவது ஒரு பிரிவில் சேர்த்துவிடுவார்கள், வெளியே வருவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இக்கரை, அக்கரை என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு பாலம். அதில் காவலும் இல்லை, சுங்கமும் இல்லை. பாலத்தில் நின்று மீன் பிடிக்கிறவனைக் கேட்டால், தூண்டில் எந்த மாநிலத்தில் கிடக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

அர்டிஸ் டோலஃப்சன் இக்கரைக்காரர். எழுபது தாண்டியாயிற்று. இங்குள்ள லூத்தரன் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பார். சம்பளம் கிடையாது, கிறிஸ்துமஸுக்கு ஒரு பூந்தொட்டி கொடுப்பார்கள். கணவர் டெல்மருக்கு நடுக்கவாதம். இப்போது புத்தியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்க ஆரம்பித்திருந்தது. ஊர்க்கோடியில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில், ஆற்றைப் பார்த்த ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அந்தக் கட்டிலுக்கு ஆகிற செலவை இக்கரை மாநிலம் கொடுத்துவந்தது. இக்கரையில் வசிக்கிற, கையில் ஒன்றுமில்லாத வயசாளிகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். அது நின்றுபோனால் அந்த மனிதரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அர்டிஸுக்குத் தெரியாது. டெல்மரைப் புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு ஆள் வேண்டும். அர்டிஸுக்கோ இடுப்பு எலும்பில் ஆணி அடித்திருக்கிறது.

பிப்ரவரியில் அக்கரையில் ஹேசல் டீச்சர் செத்துப்போனார். அங்கேயுள்ள சின்னத் தேவாலயத்தில் நாற்பது வருஷம் ஞாயிறு வகுப்பு எடுத்தவர். அந்தத் தேவாலயத்தில் ஆர்கன் இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. டீச்சரின் மகள் கொரின் போன் செய்தாள்.

“அம்மாவை ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டு அனுப்ப மனசு வரல ஆன்ட்டி. நீங்க வந்து வாசிப்பீங்களா?”

“இதுக்குக் கேக்கணுமாம்மா? வரேன்.”

போனார், வாசித்தார். அடக்கம் முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாம் என்கிற பன்றித்தொடைக் கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், யாரும் தொடாத பச்சை ஜெல்லி, தண்ணீர்க் காப்பி. கிளம்பும்போது கொரின் ஒரு கவரை நீட்டினாள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக் கவரைக் கொஞ்ச நேரம் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அப்புறம் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசிவரை தள்ளினால் செத்தவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அர்டிஸ் முறைப்படி தள்ளி, முறைப்படி வாங்கிக்கொண்டார். மிச்சமான ஹாமையும் தாளில் சுற்றிக் கையில் திணித்தார்கள். கவரில் நூறு டாலருக்கு ஒரு செக், கீழே ‘ஆர்கன்’ என்று கொரின் கையெழுத்தில் எழுதியிருந்தது.

நம்மைப் போன்றவர்கள் என்றால் செக்கை மாற்றி மளிகை வாங்கியிருப்போம். அர்டிஸ் அப்படி இல்லை. டெல்மரின் கட்டிலுக்காக வருஷா வருஷம் கையெழுத்துப் போடுகிற தாளில், குடும்பத்துக்கு வரும் எல்லா வருமானத்தையும் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் உதவி ரத்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆகவே வரி காலம் வந்ததும் செக்கின் நகலை எடுத்துக்கொண்டு நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் போனார். அங்கே லோவல் க்ரைனர் என்ற ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார், வயசாளிகளுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகிறார். நகலைப் பார்த்ததும் லோவல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அர்டிஸ், இதை என்கிட்ட நீங்க காட்டவே இல்ல. கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்க் காப்பி குடிங்க.”

“எல்லா வருமானமும்னு போட்டிருக்கான் லோவல்.”

“அது பெரிய பெரிய ஆளுங்களுக்குப் போட்டது.”

“பெரிய ஆளுங்களுக்குன்னு போடலையே. எல்லாம்னா எல்லாம்தானே?”

உயிரியல் வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, விதி. கேட்டுக்கங்க. இக்கரைக்குச் சொல்லணும்னா முதல்ல அக்கரைக்குச் சொல்லணும். அங்க சம்பாதிச்சதுக்கு அவனுக்கு ஒரு கணக்கு. அவன் குடுக்கிற அத்தாட்சியை வெச்சு இங்க இவனுக்கு ஒரு கணக்கு. அக்கரைப் படிவத்தை நான் தொடக்கூடாது, தன்னார்வலர் விதி. பக்கத்துல உக்காந்து பெருமூச்சு விடலாம். அவ்வளவுதான் எனக்கு அனுமதி.”

அர்டிஸ் கணினியில் அக்கரைப் படிவத்தைத் திறந்தார், லோவல் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். தொழில் என்ற இடத்தில் ஒரு நீளமான பட்டியல் இறங்கியது. தேவாலயம் என்று தேடினால் ஒன்றுமில்லை, அடக்கம் என்று தேடினால் சவப்பெட்டி தயாரிப்பு என்று வந்தது. இசைக்கருவி என்று அழுத்தியபோது படிவம் ஒரு துள்ளுத் துள்ளி, சிவப்பு எழுத்தில் ‘வெளிமாநிலக் கேளிக்கைக் கலைஞர்’ என்று காட்டியது.

“ஐயோ, சாவுக்கு வாசிச்சது கேளிக்கையா லோவல்?”

“குத்துச்சண்டைன்னு இருக்கு பாருங்க. அதுக்குக் கேள்வி கம்மி மாதிரி தெரியுது.”

அர்டிஸ் பொய் சொல்ல மாட்டார். கேளிக்கைக் கலைஞர் என்பதையே அழுத்தி அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் போன் வந்தது. அக்கரை வரித்துறையின் வெளிமாநிலக் கேளிக்கைப் பிரிவுத் துணை மேற்பார்வையாளர் ப்ரென்ட் ஸ்கட்டர் பேசினார். தேன் ஒழுகும் குரல். அந்தப் பிரிவை ஆரம்பித்தது பெரிய பாடகர்களையும் பந்து விளையாட்டுக்காரர்களையும் பிடிக்க. அவர்களிடம் ஆளுக்கு ஐந்து வக்கீல் இருந்ததால், பிரிவுக்கு வேலை குறைந்துபோயிருந்தது.

“முதல்ல வாழ்த்துகள் மேடம். தானா முன்வந்து தாக்கல் பண்ணின முதல் கலைஞர் நீங்கதான். எங்க ஆபீஸ்ல கேக் வெட்டினோம்.”

“அப்படிங்களா, சந்தோஷம்.”

“சில சின்னக் கேள்விகள். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?”

“நிகழ்ச்சி இல்லீங்க, அடக்கம்.”

“இசை நிகழ்ச்சி, பிரிவு மற்றவைன்னு போட்டுக்கறேன். பார்வையாளர் எவ்வளவு?”

“அறுபது பேர் இருக்கும்.”

“இறந்தவங்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?”

அர்டிஸ் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். “அவங்க பெட்டிக்குள்ள இருந்தாங்கய்யா.”

“கோவிச்சுக்காதீங்க மேடம், இது முக்கியம். அவங்க இல்லாம நிகழ்ச்சி நடந்திருக்குமா? நடந்திருக்காது. அப்ப அவங்க பார்வையாளர் இல்ல, முக்கியப் பங்கேற்பாளர். அவங்க வருமானத்தை நாங்க தனியாப் பாத்துக்கறோம்.”

“செத்தவங்களுக்கு என்னய்யா வருமானம்?”

“பூங்கொத்து வந்துச்சா?”

அர்டிஸ் வந்தது என்றார். தட்டச்சுச் சத்தம் கேட்டது.

“ரசிகர்கள் யாராவது மறுபடி வாசிக்கச் சொன்னாங்களா?”

“கடைசிப் பாட்டை மட்டும் திருப்பி வாசிச்சேன். பெட்டி வாசல்ல மாட்டிக்கிச்சு, தூக்கறவங்க திணறினாங்க. அவங்க வெளிய போற வரைக்கும் வாசிச்சேன்.”

“ஆக, கூடுதல் நிகழ்ச்சி. பணத்தைத் தவிர வேற எதாவது குடுத்தாங்களா?”

இந்த இடத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அர்டிஸ் ஹாமைப் பற்றிச் சொன்னார்.

“எலும்போடவா, எலும்பில்லாமலா?”

“எலும்போட.”

“நல்லது. எலும்பு எடையைக் கழிச்சிடலாம். எங்களை ஜனங்க ஈவிரக்கம் இல்லாதவங்கன்னு பேசறாங்க. எலும்பைக் கழிக்கற துறை இந்த நாட்டுல எங்களைத் தவிர வேற எங்க இருக்கு, சொல்லுங்க.”

அடுத்த வாரம் கொரின் போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாளா கத்திக்கொண்டிருந்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“என்ன ஆன்ட்டி இது? எனக்கு நோட்டீஸ் வந்திருக்கு. நான் நிகழ்ச்சி ஏற்பாட்டாளராம். கலைஞருக்குக் குடுத்த தொகையில வரி பிடிக்காம விட்டுட்டேனாம், அபராதம் போட்டிருக்கான். எங்கம்மா சாவு என்ன சர்க்கஸா?”

“நான் உள்ளதைத்தாம்மா சொன்னேன்.”

“யாரு ஆன்ட்டி உங்களைச் சொல்லச் சொன்னா? எல்லாரும் வாங்கறாங்க, யாராவது சொல்றாங்களா? இனிமே இந்த ஊர்ல யாரும் சாவுக்குக்கூட உங்களைக் கூப்பிட மாட்டாங்க.”

போனை வைத்துவிட்டாள். அர்டிஸ் சமையலறையில் நின்றபடியே அழுதார். ஹேசல் டீச்சரின் மகளிடம் பேச்சு வாங்கியது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருந்தும், கட்டிலுக்குக் குந்தகம் வராமல் காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பாவம், அப்படித்தான் நினைத்தார்.

பிறகு கேள்வித்தாள் வந்தது. கலைஞருக்கு அக்கரை மாநிலத்தோடு உள்ள தொடர்புகளைக் கேட்டிருந்தார்கள். வங்கிக் கணக்கு உண்டா, படகு உண்டா, வேட்டை உரிமம் உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தவர், நிலம் ஏதும் உண்டா என்ற கேள்வியில் பேனாவை நிறுத்தினார்.

உண்டு. ஹேசல் டீச்சரைப் புதைத்த அதே கல்லறைத் தோட்டத்தில் அர்டிஸ், டெல்மர் பேரில் மூன்று குழி இடம் இருந்தது. நடுவில் உள்ளதில் கர்ட் கிடக்கிறான். அவர்களுடைய ஒரே பிள்ளை, ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோயில் போனவன். அப்போது அவர்கள் அக்கரையில் பண்ணை வைத்திருந்தார்கள். பையனைப் புதைத்த அன்றே டெல்மர் இரண்டு பக்கமும் இடம் வாங்கிப்போட்டார். பின்னால் வங்கிக்காரன் பண்ணையை ஏலம் விட்டான், ஆற்றைத் தாண்டி இக்கரைக்குக் குடிவந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பண்ணை போனதில் டெல்மர் இடிந்துபோய்விடவில்லை. பையன் பக்கத்தில் இடம் இருக்கிறது, அது போதும் என்பார். புத்தி கலங்கிய பிறகும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அர்டிஸ் எழுதினார்: ‘ஆம். மூன்று கல்லறை இடங்கள். ஒன்றில் எங்கள் மகன் இருக்கிறான்.’ தபால் தலை ஒட்டி அனுப்பினார்.

பதில் தடிமனான உறையில் வந்தது. அர்டிஸும் டெல்மரும் அக்கரை மாநிலத்தின் நிரந்தர வாசிகள் என்று முதல்நிலையில் முடிவு செய்திருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் தலைநகருக்கு நேரில் வரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். லோவல் தன் காரில் அழைத்துப்போனார். வழி நெடுகப் பெருமூச்சு விட்டார்.

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஆணையர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கடைசிவரை தலையாட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ப்ரென்ட் ஸ்கட்டர் எழுந்து நின்றார். நேரில் பார்த்தால் சின்னப் பையன் முகம், அழகாகத் தேய்த்த சட்டை.

“மேடம், ஒரே ஒரு கேள்வி. நீங்க இப்ப இருக்கிற வீட்டுல எத்தனை காலம் இருப்பீங்க?”

“உயிர் இருக்கிற வரைக்கும் இருப்பேன்.”

“அதாவது, தற்காலிகமா?”

ப்ரென்ட் அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

“அதுக்கப்புறம் எங்க இருப்பீங்க?”

“அதுக்கப்புறம்… பையன் பக்கத்துல.”

“எத்தனை காலம்?”

“அது எப்பவுமேதான்.”

ப்ரென்ட் ஆணையர் பக்கம் திரும்பினார். “ஐயா, சட்டம் என்ன சொல்லுது? ஒருத்தர் எங்க நிரந்தரமாத் தங்கணும்னு நினைக்கிறாரோ அதுதான் அவர் வீடு. இக்கரைக்காரங்க என்ன காட்டறாங்க? ஒரு வாடகை வீடு, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். ரெண்டும் காலி பண்ண வேண்டிய இடம். நாம என்ன காட்டறோம்? கிழக்குப் பார்த்த ரெண்டு இடம், பணம் கட்டித் தீர்ந்தது, காலி பண்ணவே வேண்டாம். இதைவிட நிரந்தரமா ஒரு வீட்டை யாராலயாவது காட்ட முடியுமா? ஜனங்க உயிரோட இருக்கறது ஒரு சின்ன இடைவெளி ஐயா. அந்த இடைவெளியில எங்கயோ சுத்தறாங்க. ஒரு மாநிலம் அதைப் பெருசா எடுத்துக்கக் கூடாது.”

ஆணையர் தலையாட்டினார்.

“இன்னொண்ணு,” என்று ப்ரென்ட் ஒரு தாளைப் புரட்டினார். “கர்ட் டோலஃப்சன். உங்க குடும்பத்துல அவர் ஒருத்தர்தான் ஒழுங்கா எங்க மாநிலத்துல தொடர்ந்து வசிக்கிறார். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தாக்கல் பண்ணலை. அவருக்கு வருமானம் ஏதும் உண்டா?”

லோவல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். “டேய், அவன் ஒன்பது வயசுப் பையன்டா! செத்துப்போன பையன்டா!”

“அப்ப சார்ந்திருப்பவர் பட்டியல்ல வெச்சுடறேன்,” என்றார் ப்ரென்ட், தேன் குரல் மாறாமல். “அதுல உங்களுக்குக் கழிவு கிடைக்கும். இப்படி நாங்களே எடுத்துச் சொல்லணும்னு அவசியமில்ல சார். மனுஷத்தன்மையில சொல்றோம்.”

பையனின் பெயரை அந்த ஆள் வாயில் கேட்டதிலிருந்து அர்டிஸுக்குக் காது அடைத்துக்கொண்டது. எழுந்து வந்து காரில் உட்கார்ந்தார். பாலம் வரும்வரை லோவல்தான் யாரையோ திட்டிக்கொண்டே ஓட்டினார்.

இரண்டு மாநிலங்களும் மற்ற விஷயங்களில் கீரியும் பாம்பும்தான். ஆனால் கணினிகள் மட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இருவரும் அக்கரைவாசிகள்தான் என்று தீர்மானமானது உடனே இக்கரைக்குத் தெரிந்துவிட்டது. பராமரிப்பு இல்லத்திலிருந்து அர்டிஸைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். டெல்மர் டோலஃப்சன் இக்கரை வாசி அல்லாததால் கட்டிலுக்கான உதவி நிற்கிறது, மாதக் கடைசிக்குள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும். தாளைக் கொடுத்த நர்ஸம்மா அர்டிஸின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

அர்டிஸ் மாவட்ட உதவி அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே ஜானெல் என்ற பெண்மணி, மேசை முழுக்கப் பூனைப் படமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நாங்க இங்கதாம்மா இருக்கோம். வந்து பாருங்க. அவர் அந்தக் கட்டில்லதான் கிடக்கார்.”

“கிடக்கறது வேற, வசிக்கறது வேற மேடம். அவங்க உங்களை எடுத்துக்கிட்டாங்க. நாங்க ஆட்சேபிக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஒரு கட்டில் எங்க கணக்கை விட்டுப் போகுதுன்னா அதை ஆட்சேபிக்கிறதுக்குன்னு எங்ககிட்ட ஆள் போடலை.”

“அப்ப அக்கரைக்காரங்க கட்டிலுக்குக் கொடுப்பாங்களா?”

ஜானெல் கணினியைத் தட்டிப் பார்த்தாள். “கொடுக்க மாட்டாங்க. அவங்க உதவி அவங்க மாநிலத்துக்குள்ள படுத்திருக்கறவங்களுக்கு மட்டும்தான். சார் இங்கதானே படுத்திருக்கார்?”

“வரிக்கு அவர் அங்க, வைத்தியத்துக்கு மட்டும் எங்கயும் இல்லையா?”

“அழகாச் சொல்லிட்டீங்க! நாங்களே இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல.” ஜானெல் அர்டிஸின் கையைத் தட்டிக்கொடுத்தாள். “ஒரு மனுஷியா எனக்கு உங்களைப் பாத்தா கஷ்டமா இருக்கு மேடம். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கண்டிப்பா வருத்தப்படுவேன். ஆபீஸ்ல அதுக்கு நேரம் ஒதுக்கலை.”

அர்டிஸ் வீட்டுக்குப் போய் நேராக ப்ரென்ட் ஸ்கட்டருக்குப் போன் செய்தார். தன்மானத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கெஞ்சினார். என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், என் வீட்டுக்காரரை மட்டும் இக்கரைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

“எங்களுக்கு உங்களை அனுப்பறதுல வருத்தம்தான் மேடம். ஆனா வழி இருக்கு. நிரந்தரமாத் தங்கற நோக்கமே இல்லைன்னு எழுதிக்கொடுங்க.”

“இப்பவே கொடுக்கறேன்.”

“வாயால சொன்னா போதாது. அந்த ரெண்டு இடமும் உங்க பேர்ல காலியா இருக்கிற வரைக்கும் நோக்கம் இருக்குன்னுதான் அர்த்தம். வேற யார் பேருக்காவது மாத்திடுங்க. நடுவுல இருக்கறது பரவால்ல, அது ஏற்கனவே பயன்பாட்டுல இருக்கு.”

அர்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. கட்டிலா, குழியா என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். டெல்மர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அவருக்கு வலிக்கும், பசிக்கும், படுக்கை நனைந்தால் குளிரும். அதை நினைத்துத்தான் அவர் முடிவெடுத்தார். யோசிக்க வேறொன்றும் இல்லை.

இரண்டு இடத்தையும் எழுதி வாங்கிக்கொள்ள அக்கரைத் தேவாலயத்தார் ஒரு பல் டாக்டரைப் பிடித்துக் கொடுத்தார்கள். நகரத்துக்காரர், வார இறுதிக்கு ஆற்றங்கரையில் ஒரு வீடு வைத்திருப்பவர். இடத்தைப் பார்த்துவிட்டு, நல்ல காட்சி, எனக்கும் என் மனைவிக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார். நடுவில் இருந்த சின்னக் கல்லைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

“என் பையன்,” என்றார் அர்டிஸ்.

“அப்படியா. சத்தம் போடாத பக்கத்து வீட்டுக்காரர்,” என்று டாக்டர் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னார். பணத்துக்கு செக் எழுத ஆரம்பித்ததும் அர்டிஸ் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காசு வேணாம் டாக்டர். ஒரு பைசாகூட வேணாம். வாங்கினா மறுபடி எனக்கு உங்க மாநிலத்துல வருமானம் வந்துடும்.”

பத்திரத்தில் கையெழுத்திட்டார். நானோ என் கணவரோ, உயிருடனோ உயிரற்றோ, இம்மாநிலத்தில் நிரந்தரமாகத் தங்கும் நோக்கம் எதுவும் கொண்டிருக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் மறக்காமல் அடியில், கலைஞரின் ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் சேர்த்திருந்தார்.

எல்லாம் மளமளவென்று நடந்தது. கட்டில் திரும்பக் கிடைத்தது. அக்கரை வரித்துறையிலிருந்து இறுதிக் கணக்கும் வந்தது. வெளிமாநிலத்தவர் ஈட்டிய நூறு டாலரும் எலும்பு நீக்கிய ஹாமும் வரம்புக்குக் கீழே இருப்பதால் வரி ஏதும் இல்லை. இவ்வளவு குறைந்த வருமானத்துக்குத் தாக்கல் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, வருங்காலத்தில் துறையின் நேரத்தை வீணாக்காமல் இருக்கவும். லோவல் அதைப் படித்துவிட்டு நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அர்டிஸ் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, டெல்மருக்குச் சாப்பாட்டு நேரம் என்று கிளம்பிவிட்டார்.

டெல்மர் அன்று தெளிவாக இருந்தார். அர்டிஸைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. அர்டிஸ் சூப்பை ஆற்றிக் கரண்டியால் ஊட்டினார். டெல்மர் பாதியில் தலையைத் திருப்பி, ஜன்னல் வழியே ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

“அர்டி. கர்ட் பக்கத்துல என் இடம் இருக்குல்ல?”

அர்டிஸின் கையில் கரண்டி நின்றது. நூறு டாலரை மறைக்கத் தெரியாதவர், எலும்போடு கொடுத்த ஹாமை எலும்போடு என்று சொன்னவர். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, டெல்மரின் தாடையில் வழிந்ததைத் துடைத்தார்.

“இருக்கு.”

“உன் இடம்?”

“அந்தப் பக்கம் இருக்கு.”

“வேற யாரும் எடுத்துட மாட்டாங்களே?”

“யாருப்பா எடுக்கப்போறா? ரெண்டும் நம்ம பேர்லதான் இருக்கு. நேத்துக்கூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன். வாயைத் திற.”